தாம்பூலத்துக்கு முன் இருந்த முகவரி

"ஒரு முகவரியைத் தட்டினா உள்ளே என்னதான் நடக்குது, ஞானதாஸ்?"

"நம்ம பக்கத்துல ஒருத்தர் வூட்டுக்கு வழி கேட்டுக்கினு போற கதைதான் மேடம். மொதல்ல எந்த ஊருன்னு சர்வர் பாக்கும். அப்புறம் அந்த ஊர்ல யார் வூடு. அப்புறம் அந்த வூட்ல யாரு. கடைசியாதான் அவங்களப் பத்தி இன்னா வேணும்னு பாக்கும். ஊரு, வூடு, ஆளு, சமாசாரம். நடுநடுவுல ஒரு சாய்கோடு. அவ்ளோதான்."

"அந்த இடத்துல ஒரு பக்கம் ஏற்கெனவே எழுதி வச்சிருக்குமா?"

"அதான் இல்ல. நீங்க கேக்கறப்பதான் அந்த வழியப் படிச்சி, வந்துகீறது யாருன்னு பாத்து, அப்பவே சமைச்சிப் பரிமாறும். வழிதான் மேடம் எல்லாம். வழிய மாத்தி எழுதிட்டா, அதே ஆளு வேற வூட்டு ஆளு."

"கேட்க கல்யாணம் மாதிரியே இருக்கே!"

"கல்யாண சைட்டுதானே மேடம்" என்று சொல்லி ஞானதாஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே அவருடைய கணினி மையத்தில், கால் ஆடும் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி சுகிர்தா பேசிய பேச்சு அது. போன கோடையில். சுகிர்தா காஞ்சிபுரத்தில் திருமண விசாரணைக்கென்றே துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். ஞானதாஸ், தொண்டை மண்டலத்துக் குடும்பங்களுக்காக 'தொண்டை வரன்' என்ற கல்யாண இணையதளத்தைத் தனி ஆளாக உருவாக்கி நடத்துகிறவர். இரு வீட்டாரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது அவர் தளத்தில். சந்தேகப்பட்டுக்கொள்வது இவள் அலுவலகத்தில்.

அந்தச் சிரிப்பு இன்று காலை தொலைபேசியில் இல்லை.

"மேடம், ஷட்டர இழுத்து வுட்டுக்கினு உள்ள உக்காந்துகீறேன். வெளிய ஒரே கும்பல். நான் போலிக் காகிதம் பண்ணேனாம். இன்ஸ்பெக்டர் மத்தியானம் வந்ததும் என்ன இஸ்துக்கினு போறாங்களாம். எம் பொண்ணுங்க ஸ்கூல் வுட்டு இந்த வழியாதான் மேடம் வரும்…"

சுகிர்தா உடனே கிளம்பினாள்.

இப்போது ஓரிக்கையைத் தாண்டி, பாலாற்றுப் பாலத்தின் மேல் வண்டி பறந்துகொண்டிருந்தது. ஓட்டியவன் தினேஷ்குமார். சுகிர்தாவின் உதவியாளன். முப்பது வயதாகியும் பெண் அமையாதவன். அதைச் சொல்லிச் சொல்லியே ஊரைச் சிரிக்க வைப்பவன்.

"மேடம், அந்த சைட்டுல நானும் பதிஞ்சிகீறேன். ரெண்டு வருசத்துல என் பக்கத்தத் தெறந்து பாத்த ஒரே ஆளு நான்தான்."

"வேகமா ஓட்டு தினேஷ்."

"ஓட்றேன். அந்தாளு உள்ள போயிட்டா சைட்டு மூடிடும். அப்புறம் என்ன நானே பாக்க முடியாதே!"

சுகிர்தா சிரிக்கவில்லை. அவள் கண்முன் ஸ்கூல் பையுடன் வரும் இரண்டு சின்னப் பெண்கள்தான் நின்றார்கள்.

கடை வாசலில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆண்கள் நின்றிருந்தார்கள். எல்லாரும் காவாந்தண்டலத்துக்காரர்கள். நாளை நடக்க வேண்டிய ஒரு கல்யாணத்தின் பெண் வீட்டு உறவு. சுகிர்தாவைப் பார்த்ததும் ஒருவர் வழிமறித்தார்.

"நீ யாரும்மா, வக்கீலா?"

"இல்ல பெரியவரே, கல்யாணப் புரோக்கரு" என்றான் தினேஷ். "உள்ள இருக்கறவரு எனக்கு ஒரு பொண்ணு பாத்துத் தரணும். நீங்க அவர அனுப்பிட்டீங்கன்னா நீங்கதான் தரணும். வூட்ல பொண்ணு கீதா?"

அவர் திகைத்து விலகிய இடைவெளியில் இருவரும் ஷட்டரை இடுப்பு உயரம் தூக்கிக் குனிந்து உள்ளே போனார்கள்.

உள்ளே இருட்டு. புழுக்கம். ஃபியூஸ் கட்டையை யாரோ பிடுங்கியிருந்தார்கள். கணினிகள் எல்லாம் செத்துக் கிடந்தன. ஞானதாஸ் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த செல்போனில் சார்ஜ் சிவப்புக் கோட்டில் இருந்தது.

நடந்ததை அவர் சொன்னார். காவாந்தண்டலம் விஜயராகவனின் மகள் திவ்யா. ஓரிக்கை தினகரனின் மகன் கார்த்திக். தை பிறந்ததும் தாம்பூலம் மாற்றினார்கள். நாளைக் காலை முகூர்த்தம். நேற்று, தளத்திலிருக்கும் 'விசாரிப்பு'ப் பெட்டி வழியாகத் தினகரன் வீட்டுக்கு ஒரு செய்தி போயிருக்கிறது.

"அந்தப் பெட்டியில பேரு போட வேணாம் மேடம். நம்ம ஜனங்க தன் பேரு வெளிய வராதுன்னாதான் இன்னொரு குடும்பத்தப் பத்தி வாயத் தெறப்பாங்க. அதனால அனுப்பறது யாருன்னு நான் எங்கயும் சேத்தே வெக்கறதில்ல. அதுவே இன்னைக்கு என் கழுத்துக்கு வந்துடுச்சி."

"செய்தியில என்ன இருந்தது?"

"ஒரு வார்த்தை இல்ல. ஒரு லிங்க்கு மட்டும். தினகரன் தட்டிகீறாரு. டாக்டர் சர்ட்டிபிகேட் தெறந்திருக்குது. திவ்யாவுக்கு வலிப்பு, தினமும் மாத்திரைன்னு."

தினகரன் உடனே சம்பந்திக்கு போன் போட்டிருக்கிறார். விஜயராகவன் ஒரு நொடிகூட யோசிக்காமல், 'அது போலி, ஞானதாஸ் பண்ண வேலை' என்றிருக்கிறார். 'அப்படின்னா அவனப் புடிச்சி போலீஸ்ல குடு சம்பந்தி, நாளைக்கு மேளம் கொட்டட்டும். குடுக்கலன்னா காகிதம் நிஜம்னு எடுத்துக்கறேன், நாங்க கௌம்பறோம்' என்று சொல்லிவிட்டார் தினகரன்.

"ஒரு ஆளு உள்ள போனாதான் ஒரு கல்யாணம் நடக்கும்" என்றான் தினேஷ். "வரதட்சணையே தேவலாம் போல கீதே!"

சுகிர்தா குரலைத் தாழ்த்தினாள். "காகிதம் நிஜமா, ஞானதாஸ்?"

அவர் தலை குனிந்தார். "பதியும்போது அந்தப் பொண்ணே ஏத்தினது மேடம். அவங்க அப்பாரு அன்னைக்கே ஓடியாந்து, யார் கண்ணுலயும் படாம பூட்டி வைய்யின்னாரு. பூட்டிட்டேன். இத்தப் போலீஸ்ல சொன்னா நான் வெளிய வந்துடுவேன். அந்தப் பொண்ணு கல்யாணம் நின்னுடும். எத்தினியோ பேர சேத்து வெச்சிட்டு, ஒண்ண என் வாயாலயே நிறுத்தணுமா?"

வெளியே யாரோ ஷட்டரைக் காலால் உதைத்தார்கள். ஞானதாஸ் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

"தினகரன் ஆளுங்க திட்டிக்கினே அந்த லிங்க்க எனக்கும் அனுப்பினாங்க. இந்த போன்லயே காகிதத்தத் தெறந்து காட்டவா மேடம்?"

"வேண்டாம். அந்தப் பெண்ணோட காகிதத்தைப் பார்க்க எனக்கு உரிமை இல்லை. முகவரியை மட்டும் அனுப்புங்க. உறையைப் பார்த்தாலே எங்கிருந்து வந்ததுன்னு தெரியும்."

அவள் போனுக்கு வந்தது. தளத்தின் பெயருக்குப் பின்னால் நான்கு சொற்கள்: காவாந்தண்டலம்/விஜயராகவன்/திவ்யா/மருத்துவம்.

ஊர், வீடு, ஆள், சமாசாரம்.

தட்டிப் பார்த்தாள். 'இந்தக் கதவு உங்களுக்குத் திறக்காது' என்று மரியாதையாகச் சொன்னது திரை. தினேஷும் தன் போனில் தட்டினான். அதே பதில்.

"எனக்கு எந்தப் பொண்ணு வூட்டுக் கதவுதான் தெறந்துச்சி?" என்று முனகினான்.

"பூட்டின கதவு மாப்பிள்ளை வீட்டுக்கு மட்டும் எப்படித் திறந்தது?"

"அதான் மேடம் எனக்கும் புரியல" என்றார் ஞானதாஸ். "கரண்ட் இருந்தா உள்ள பூந்து பாப்பேன். ராவெல்லாம் தூங்கல. மண்டை ஓடல."

"போனை அணைச்சு வைங்க. நான் ஒரு தடவை மிஸ்டு… இல்லை, அணைக்காதீங்க. நான் கூப்பிடறப்போ மட்டும் எடுங்க. வேற யார் கூப்பிட்டாலும் எடுக்காதீங்க."

கல்யாண மண்டபம் வந்தவாசி சாலையில் இருந்தது. வாசலில் வாழை மரம் கட்டியாகிவிட்டது. பின்கட்டில் பூசணிக்காயை வெட்டும் சத்தம். சமையல்காரர்கள்கூடத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். மணமக்கள் பெயர் எழுதிய பலகையில் திவ்யாவின் பெயர் மட்டும் ஒட்டியிருந்தது. மற்றது நாற்காலி மேல் கிடந்தது. ஒட்டலாமா வேண்டாமா என்று யாரையும் கேட்கத் துணிவில்லாமல் ஒட்டுகிறவன் பீடி பிடிக்கப் போயிருந்தான்.

போன வருடம் தினகரனின் மூத்த மகளுக்கு வந்த வரனை விசாரித்துச் சொன்னவள் சுகிர்தாதான். அதனால் அவளைக் கண்டதும் அவர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வாம்மா. கேட்டியா அநியாயத்த? உண்மையோ பொய்யோ, ஊரே பாத்திருக்குமேம்மா! நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு பந்தல்ல உக்காருவேன்?"

எதிரே விஜயராகவன் நின்றிருந்தார். தொண்டை கட்டிப் போயிருந்தது. சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டிருந்தார்.

"இந்தம்மாகிட்ட இன்னா சம்பந்தி பேச்சு, அந்த ஞானதாஸு அனுப்பின ஆளு இது. போம்மா! எம் பொண்ணு கழுத்துல நாளைக்குத் தாலி ஏறணும். அதுக்கு யார் கால வேணாலும் புடிப்பேன். யார் கழுத்த வேணாலும் புடிப்பேன்."

"ஞானதாஸுக்கும் ரெண்டு பெண்கள் இருக்காங்க ஐயா."

அவர் முகம் ஒரு கணம் கோணியது.

மணப்பெண் அறையின் கதவு பாதி திறந்திருந்தது. மருதாணிக் கைகளோடு திவ்யா நின்றிருந்தாள். "நைனா, நான் ஒண்ணு…" என்று ஆரம்பித்தாள். அவள் அம்மா சுதா தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள். கதவு சாத்தப்படவில்லை. மாடிப்படியில் கார்த்திக் உட்கார்ந்திருந்தான். அந்தக் கதவையே பார்த்தபடி.

"ஊரே பார்த்ததான்னு இங்கேயே பார்த்துடலாமே" என்றாள் சுகிர்தா. "தினேஷ், அந்த முகவரியை எல்லார் போனிலும் தட்டு."

"சமையக்காரர் போன்ல?"

"அவர் போனிலும்."

தினேஷ் ஓடினான். சமையல்காரர், நாதஸ்வரக்காரர், பந்தி விசாரிக்க வந்த மாமா, ஒருத்தரையும் விடவில்லை. "தெறக்கல… தெறக்கல… இவருக்கு போனே தெறக்கல மேடம்" என்று அறிவித்துக்கொண்டே வந்தான்.

"தெறக்காதா?" தினகரன் நிமிர்ந்தார். "எனக்குத் தெறந்துச்சேம்மா!"

"ஐயா, நீங்களும் தட்டுங்க" என்று சுகிர்தா விஜயராகவனிடம் சொன்னாள்.

அவர் மாட்டேன் என்றார். தினேஷ் போனை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கித் தட்டினான். திரையைப் படித்தவன் படித்ததைச் சத்தமாகச் சொல்லவில்லை. போனை அவரிடமே நீட்டினான்.

அதில் வேறு வாசகம் இருந்தது. 'திவ்யா இந்த வீட்டில் இல்லை.'

விஜயராகவன் அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். பெற்று வளர்த்த வீட்டுக்காரருக்குத்தான் அந்தப் பதில். நாளைக்கு அழ வேண்டிய அழுகை இன்றே வந்தது போல அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இப்போ நீங்க ஐயா" என்று தினகரன் பக்கம் திரும்பினாள் சுகிர்தா. "அந்தச் செய்தியைத் திறந்து தட்டுங்க. தட்டினதும் போனை என்கிட்ட கொடுங்க."

அவர் தட்டினார். பக்கம் விரிந்த கணத்தில் சுகிர்தா தன் உள்ளங்கையால் திரையை மூடினாள். விரலுக்கு மேலே, திரையின் உச்சியில் முகவரிக் கோடு மட்டும் தெரிந்தது.

ஓரிக்கை/தினகரன்/திவ்யா/மருத்துவம்.

தட்டியது ஒன்று. திறந்தது வேறு.

அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிப் பின்கட்டுக்கு நடந்தாள். தினேஷ் பின்னாலேயே வந்தான். பூசணிக்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஞானதாஸை அழைத்தாள்.

"திவ்யா அவங்க அப்பா வீட்டில் இல்லையாமே! தினகரன் வீட்டுக்கு எப்போ போனா?"

"தாம்பூலம் மாத்தினன்னைக்கே மேடம். தட்டு மாத்திட்டா பொண்ணு அவங்க வூட்டு ஆளுதானே நம்ம பக்கத்துல. வேற யாரும் வரன் கேட்டு வரக்கூடாதில்ல? அதனால அவ பக்கத்த மாப்பிள்ளை வூட்டுக்குக் கீழ நானே மாத்திடுவேன். எல்லா ஜோடிக்கும் அப்படித்தான்."

"அவ மட்டும் போனாளா?"

"அவ பேருக்குக் கீழ இருந்த எல்லாமும் கூடவே போவும்."

"வாசல்ல உங்க காவல் எதைப் பார்த்து உள்ளே விடும்?"

"ஊரையும் வூட்டையும்தான். ஓரிக்கை, தினகரன்னு ஆரம்பிக்கற வழி எல்லாம் அந்த வூட்டுக்காரங்களுக்குத் தெறக்கும். அதுக்குக் கீழ இன்னா கீதுன்னு…" அவர் குரல் சட்டென்று நின்றது. பிறகு அலறலாக வந்தது. "ஐயோ மேடம்! பூட்டு அப்பா வூட்டு வாசல்ல இருந்துச்சி! நான் பொண்ண மட்டும் அனுப்பிட்டு, பூட்ட இங்கயே வுட்டுட்டேன்!"

"சரி, அழாதீங்க. இன்னும் ஒண்ணு. பழைய முகவரியைத் தட்டினா?"

"சர்வரே புது எடத்துக்குக் கூட்டிக்கினு போயிடும். உரிமை இருக்கறவங்கள மட்டும். மாப்பிள்ளை வூடு, நானு, அப்புறம் பொண்ணுக்குன்னு தனி நுழைவு கீது, அவ எங்க போனாலும் அவளுக்கு…"

தொடர்பு அறுந்தது. மறுபடி அழைத்தாள். அணைந்து போயிருந்தது.

தினேஷ் மெல்ல மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்தான். அந்தப் பாதி திறந்த கதவை.

"மேடம், அப்படின்னா…"

"சொல்லாதே."

"சொல்லலன்னா அந்தாளு உள்ள போயிடுவாரு."

"சொன்னா இந்தப் பெண்ணோட கல்யாணம் போயிடும். பேசாம வா."

உள்ளே வந்தபோது பெண் வீட்டு ஆட்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்துவிட்டாராம். விஜயராகவன் துண்டை உதறித் தோளில் போட்டார். கடையிலிருந்து ஞானதாஸை இழுத்து வரத்தான் போகிறார்கள்.

"ஒரு நிமிஷம்" என்றாள் சுகிர்தா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. "முதல்ல ஒரு நல்ல செய்தி. ஊர் எதையும் பார்க்கலை. தாம்பூலம் மாத்தினதுமே திவ்யாவோட பக்கம் தினகரன் ஐயா வீட்டுக்கு மாறிடுச்சு. அதனால அந்த லிங்க் அவங்க வீட்டு போனில் மட்டும்தான் திறக்கும். வெளியே ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது."

தினகரனின் தோள்கள் லேசாகத் தளர்ந்தன.

"ரெண்டாவது, அனுப்பினது ஞானதாஸ் இல்லை."

"அவன் இல்லாம வேற எவன்?" விஜயராகவன் கத்தினார்.

"வந்த செய்தியில் இருக்கற முகவரி காவாந்தண்டலத்துல ஆரம்பிக்குது. தாம்பூலத்துக்கு முன்னாடி இருந்த முகவரி. பக்கத்தை இடம் மாத்தினவர் ஞானதாஸ். அவர் அனுப்பியிருந்தா ஓரிக்கைன்னு ஆரம்பிக்கற புது முகவரியைத்தானே அனுப்பியிருப்பார்? வீடு மாத்தி வெச்சவனே பழைய வீட்டுக்கு வழி சொல்வானா?"

"பாயின்ட்டு சரியாத்தான் கீது" என்றார் பந்தி விசாரிக்க வந்த மாமா. யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை.

"எங்க வூட்லயே யாராவது…" என்று தினகரன் இழுத்தார்.

"உங்க வீட்டுக்கு அந்த மருத்துவப் பக்கத்தோட பழைய முகவரி தெரியவே தெரியாது ஐயா. அந்தப் பக்கம் உங்க வீட்டுக்குத் திறந்ததே இடம் மாறின பிறகுதான். இதை அனுப்பினவங்ககிட்ட பழைய முகவரி ரொம்ப நாளா இருந்திருக்கு. அவங்க தட்டினா இன்னமும் திறக்குது. அதனால இடம் மாறினதே அவங்களுக்குத் தெரியாது."

"அப்ப யாருன்னு சொல்லும்மா!"

சுகிர்தா மணப்பெண் அறைப் பக்கம் திரும்பாமல் நின்றாள்.

"எனக்குத் தெரியும். ஆனா சொல்ல மாட்டேன்."

விஜயராகவன் சிரித்தார். அழுவது போல இருந்தது அந்தச் சிரிப்பு. "பாத்தீங்களா சம்பந்தி? பேரு இல்ல. கதை மட்டும் கீது. டேய், நடங்கடா!"

செருப்புச் சத்தங்கள் வாசலை நோக்கி நகர்ந்தன. சுகிர்தா அவர் முன்னால் போய் நின்றாள். "ஐயா, உங்க காலைப் பிடிக்கறேன். அந்த மனுஷன் உங்க வீட்டு ரகசியத்தைக் காப்பாத்தத்தான் வாயைத் திறக்காம உட்கார்ந்திருக்கார்…" சொன்ன பிறகுதான் தான் அதிகம் சொல்லிவிட்டதை உணர்ந்தாள். தினகரனின் பார்வை கூர்மையாகியது. "இன்னா ரகசியம்?" என்றார் அவர் மெதுவாக.

"அவர வுட்டுடச் சொல்லு நைனா."

கதவு இப்போது முழுக்கத் திறந்திருந்தது. அம்மாவின் கையை உதறிவிட்டு திவ்யா நடுக்கூடத்துக்கு வந்திருந்தாள்.

"உள்ள போ!" என்றார் விஜயராகவன்.

"நான்தான் அனுப்பினேன்."

பின்கட்டில் வெட்டும் சத்தம்கூட நின்றது.

"சர்ட்டிபிகேட்ட சைட்டுல ஏத்தினதும் நான்தான். பாக்கறவங்க தெரிஞ்சிக்கினு வரட்டும்னுதான் ஏத்தினேன். நைனா பூட்டச் சொல்லிட்டாரு. நேத்து என் போன்ல அது தெறந்துச்சி. எல்லாருக்கும் தெறக்கும்னு நெனச்சிக்கினேன். ஞானதாஸ் அண்ணனுக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"தினேஷ், வண்டியை எடு" என்று சுகிர்தா சொல்லத் திரும்பினாள். அவன் ஏற்கெனவே வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தான். "கடைய யாரும் தொடாதீங்கடா!" என்ற அவன் குரல் சாலையில் தேய்ந்தது.

விஜயராகவன் பக்கத்து நாற்காலியில் சரிந்தார். "ஏம்மா? நாலு எடம் தட்டிப் போயி, அஞ்சாவதா அமைஞ்சதும்மா இது. உன்ன எப்டியாவது கரை சேத்துடலாம்னுதானேம்மா…"

"தெரியும் நைனா." அவள் அவர் அருகே போய், தப்பாகப் போட்டிருந்த பொத்தானைக் கழற்றிச் சரியாகப் போட்டாள். "நாளைக்குப் பந்தல்லயே வந்துட்டா? அந்த வூட்டுக்குப் போனப்புறம் மாத்திரைய அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சி வெச்சி முழுங்கணுமா? அம்மா அதுக்கும் எடம் பாத்து வெச்சிருந்தாங்க."

சுதா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு எதுக்கும்மா அனுப்பின?" என்று கேட்டார் தினகரன். கோபமாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது அந்தக் கோபம் இல்லை.

"உங்களுக்கு அனுப்பல மாமா. அந்தப் பெட்டி வூட்டுப் பேர்லதான் இருந்துச்சி. யார் கையில போய்ச் சேரும்னு எனக்குத் தெரியல. நான் அவருக்குத்தான் அனுப்பினேன்."

எல்லார் பார்வையும் மாடிப்படிக்குத் திரும்பியது. கார்த்திக் எழுந்து நின்றிருந்தான். ஒரு படி கீழே இறங்கினான்.

"தினமும் பேசினோமே" என்றான் அவன். "ஒரு நாள் சொல்லியிருக்கலாமே, திவ்யா?"

"தினமும் வாய் வரைக்கும் வந்துச்சி. பக்கத்துலயே அம்மா உக்காந்திருப்பாங்க. நீங்க வேற, என்ன சாப்பிட்ட, எங்க போனேன்னு கேட்டுக்கினே இருப்பீங்க. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு தள்ளிக்கினே வந்துட்டேன். இனிமே நாளைக்கு இல்ல."

"திவ்யா, வேணாம்மா" என்றாள் சுதா.

திவ்யா திரும்பவில்லை. அப்பாவையும் பார்க்கவில்லை, மாமனாரையும் பார்க்கவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, படிக்கட்டின் கீழ் வரைக்கும் நடந்து போய் நிமிர்ந்து நின்றாள். தாம்பூலத் தட்டு மாறிய அன்று, மல்லிகைப் பூவோடு தலை குனிந்து உட்கார்ந்திருந்தபோதே கேட்டிருக்க வேண்டியதை, இத்தனை பேர் நடுவில் குரல் உடையாமல் கேட்டாள்.

"எனக்கு வலிப்பு இருக்குங்க. மாத்திரையில அடங்கி இருக்கு, ரொம்ப நாளா வரல. இனிமே வரவே வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. இதையெல்லாம் தெரிஞ்சிக்கினே… என்னக் கட்டிக்கிறீங்களா?"